மான்சூன்ட் மலபார் காபிக்கொட்டை: கெட்டுப்போனதா, பதப்பட்டதா?

தொண்டிக்கரை
ஜூன் 22, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். தொண்டியில டீக்கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷமாச்சு. டீதான் அதிகம் ஓடும். காபி, விடியக்காலம் கடலுக்குப் போறவங்களுக்கும் முதல் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கும்.

என் மச்சான் மங்களூர்ல விசைப்படகுல வேலை பார்க்குறார். அந்தப் பக்கம் ஜூன், ஜூலை தடைக்காலம், அதனால ஊருக்கு வந்திருக்கார். வரும்போது ரெண்டு கிலோ பச்சைக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். மான்சூன்ட் மலபார்னு பேராம், கப்பல்ல ஏத்துற சரக்காம், கடையில போட்டுப் பாருன்னார்.

பையைப் பிரிச்சதும் மனசு விட்டுப்போச்சு. நான் பார்த்த பச்சைக்கொட்டை பாசிநிறமா, கூழாங்கல் மாதிரி இறுக்கமா இருக்கும். இது காய்ஞ்ச வைக்கோல் நிறம். சாதாரணக் கொட்டையைவிட ஒண்ணரை மடங்கு பெருசு, ஆனா அள்ளினா கையில கனமே தெரியல. மோந்து பார்த்தா புதுச்சாக்கும் மழை விழுந்த மண்ணும் சேர்ந்த வாசம். உப்புக்காத்துல கிடந்து ஊறிப்போன கொட்டையை மச்சான் தலையில கட்டிட்டாங்களோன்னு சந்தேகம். அவர் ஆசையா கொண்டுவந்தது, அதனால வாய்விட்டுக் கேட்கல.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது வறுக்கிற கொட்டைதானா?

பரமக்குடி வறுவல்
ஜூன் 22, இரவு 10:15

தம்பி, நான் முப்பது வருஷமா கொட்டை வறுத்து அரைக்கிறவன். பெரும்பாலும் பட்டிவீரன்பட்டியில எடுப்பேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைக் கொட்டை. பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா செர்ரின்னு எல்லா ரகக் கொட்டையும் கைபட்டுப் பழக்கம். எங்க வழக்கத்துல வெளுத்த கொட்டைன்னா பழங்கொட்டை. உப்பின கொட்டைன்னா குடோன்ல தண்ணி இறங்கியிருக்கு. ரெண்டும் சேர்ந்து இருந்தா நான் தொடமாட்டேன். மச்சான் மனசு நோகாம வாங்கி வச்சுக்கங்க, கடையில போட்டு வாடிக்கையைக் கெடுத்துக்காதீங்க.

மங்களூர் கீழக்கரையான்
ஜூன் 23, காலை 6:05

வறுவல் அண்ணன் சொன்னது அவர் கைக்கு வர்ற கொட்டைக்குச் சரி. இந்தக் கொட்டைக்குப் பொருந்தாது. நான் கீழக்கரைக்காரன், மங்களூர்ல ஒரு காபி கியூரிங் ஆலையில, அதாவது கொட்டையைப் பதப்படுத்தித் தரம் பிரிக்கிற இடத்துல, பதினோரு வருஷமா இருக்கேன். இதை எழுதுறப்போ வெளியில மழை கொட்டுது. இந்த வருஷத்துச் சரக்கை இப்பத்தான் தரையில பரப்பியிருக்கோம். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இதுக்கு எடுக்கிறது செர்ரிக் காபி. பழத்தைத் தோல் உரிச்சுக் கழுவாம, முழுப்பழமா வெயில்ல காயவச்சு, அப்புறம் தோலி நீக்கின கொட்டை. அரபிகாவிலயும் செய்வோம், ரோபஸ்டாவிலயும் செய்வோம். பெருவெட்டா சலிச்சு எடுத்ததாத்தான் இருக்கணும்.

கொட்டகைக்கு நாலு பக்கமும் காத்து வரணும். தரையில நாலுலேருந்து ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, பலகையால கிண்டி விட்டுக்கிட்டே இருப்போம். நாலஞ்சு நாள்ல கொட்டை ஈரத்தை வாங்க ஆரம்பிக்கும். வரும்போது 10, 11 சதவீதம் ஈரம் இருந்த கொட்டை 15 வரைக்கும் ஏறும். அப்புறம் சாக்குல தளர்வா கட்டுவோம், வாய் வரைக்கும் நிரப்பக்கூடாது. சாக்கு வரிசைக்கும் வரிசைக்கும் நடுவுல ஆள் நுழையற அளவு சந்து விட்டு அடுக்குவோம். மழைக்காத்து அந்தச் சந்து வழியா போய்வரணும். வாரம் பத்து நாளைக்கு ஒருக்க எல்லாச் சாக்கையும் அவிழ்த்துக் கொட்டி, கலந்து, திரும்பக் கட்டணும். அதைத் தள்ளிப்போட்டா நடுச்சாக்குல இருக்கிற கொட்டை புழுங்கிடும், பூஞ்சை பிடிச்சிடும். ஜூன்ல தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் இதே வேலைதான். சாக்கு தூக்கித் தூக்கி ஆளுங்களுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

கடைசியில மெஷின்ல தரம் பிரிச்சு, பெண்கள் உட்கார்ந்து கையால பொறுக்குவாங்க. ஈரத்தை வாங்காம பச்சையாவே நின்னது, கறுத்தது, வண்டு அரிச்சது எல்லாத்தையும் அவங்க கண்ணுதான் பிடிக்கும். மெஷின் விட்டதை அவங்க விடமாட்டாங்க. வண்டு இறங்காம இருக்கப் புகைபோடுறதும் உண்டு. ஏஏ-ங்கிறது உசந்த தரம், சின்னக் கொட்டைக்கு பாசனலின்னு பேர்.

தொண்டிக்காரர் உப்புக்காத்துன்னு கேட்டிருந்தார். கடல்தண்ணி ஒரு சொட்டு இதுல படாது. மழைச்சாரல் கூட உள்ள விழவிடமாட்டோம். கொட்டையை மாத்துறது காத்துல இருக்கிற ஈரம் மட்டும்தான். மூணு மாசத்துல பச்சை போயி, ஊதி, தங்கநிறத்துக்கு வந்திடும். புளிப்பு பெரும்பகுதி இறங்கிடும். 2007-08ல இதுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தாங்க, அரபிகாவுக்குத் தனியா, ரோபஸ்டாவுக்குத் தனியா.

ஒரு சோதனை. பத்து கொட்டையை உடைச்சுப் பாருங்க. உள்ள கறுப்போ, வெள்ளைப் பொடியோ, மூக்கைச் சுளிக்க வைக்கிற புழுக்க வாடையோ இருந்தா கெட்டது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமா இருந்தா உங்க மச்சான் நல்ல சரக்குதான் கொண்டுவந்திருக்கார்.

தொண்டிக்கரை
ஜூன் 23, மதியம் 2:30

உடைச்சுப் பார்த்தேன் காக்கா (கீழக்கரையில அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீங்க). பத்துக்கு இருபதா உடைச்சேன். உள்ளேயும் அதே வைக்கோல் நிறம்தான், புழுக்கம் இல்லை. மச்சானைச் சந்தேகப்பட்டது உறுத்துது. இன்னைக்கு மதியம் அவருக்கு நகரை மீன் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கேன்.

ஒண்ணு கேட்கணும். நல்லா இருக்கிற கொட்டையை மூணு மாசம் ஈரத்துல போடலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?

பாம்பன் டீச்சர்
ஜூன் 23, இரவு 8:10

யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கப்பல் செய்த வேலை. பள்ளியில் சூயஸ் கால்வாய்ப் பாடம் எடுக்கும்போது இந்தக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

பாய்மரக் காலத்தில் மலபார்த் துறைமுகங்களில் ஏற்றிய காபி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். மரக் கப்பலின் அடித்தட்டில், கடலின் ஈரக்காற்றில் அத்தனை மாதம் கிடக்கும் மூட்டை. பச்சையாக ஏறிய கொட்டை வெளுத்து, உப்பி, புளிப்பு குறைந்து அங்கே போய் இறங்கும். அங்கே வாங்கிக் குடித்தவர்களுக்கு இந்தியக் காபி என்றாலே அந்தச் சுவைதான். வேறு சுவை இருக்கிறது என்றே தெரியாது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலும் வந்தது. பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. கொட்டை பச்சை மாறாமல் போய் இறங்கியதும் பழகிய வாடிக்கையாளர்கள், குறிப்பாக ஸ்காண்டிநேவியப் பக்கத்தில் இருந்தவர்கள், இது நாங்கள் குடித்த காபி இல்லை என்றார்கள். கப்பலில் தானாக நடந்ததை, மேற்குக் கரையிலேயே பருவமழைக் காற்றில் வைத்துச் செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

அந்த 1869ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் நம் கரையில் இருந்து இதைப் பேசுவதற்குப் பொருள் இல்லை. அந்த ஆண்டுதான் இலங்கையின் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படியும் பூஞ்சை அது. 1870களில் அங்கே இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் காபி இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் அழிந்து, அந்த மண்ணில் தேயிலை ஏறியது. ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் 1880இல் போய் ஆராய்ந்து, இந்தப் பூஞ்சை எப்படிப் பரவுகிறது என்று விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்தக் காபியைப் பறித்தவர்கள் யார்? ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமை ஆட்கள். மழை பொய்த்த ஆண்டில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் நடந்து, தேவிபட்டினம், தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் தண்ணீர் இல்லாத காட்டுவழியே நடந்தவர்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. மலையகத்தில் இன்றும் அதைக் கோப்பிக் காலம் என்றுதான் சொல்கிறார்கள். பாம்பன் பாலமும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கப்பலும் 1914இல் வந்தன. கோப்பிக்குப் போனவர்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. நம் பக்கத்துக் கிழவிகள் கண்டிச் சீமை என்று பெருமூச்சோடு சொல்வதில் இந்த நடை முழுவதும் இருக்கிறது.

கச்சான்
ஜூன் 23, இரவு 9:00

டீச்சர், எங்க அப்பத்தா சொல்லும், "கண்டிக்குப் போனவன் திரும்பினா கடவுள் கொடுத்தது"ன்னு. இப்பத்தான் அர்த்தம் புரியுது.

கீழக்கரைப் பேத்தி
ஜூன் 24, காலை 10:20

ஒரு சந்தேகம். எங்க வாப்பா சவூதியில இருந்தாங்க. லீவுல வரும்போது ஏலக்காய் போட்ட கஹ்வா கொண்டுவருவாங்க. சின்னக் கிண்ணத்துல ஊத்தி பேரீச்சம்பழத்தோட குடிப்போம், வெளிர் மஞ்சளா இருக்கும். அந்த வெளுப்பும் இந்த வெளுப்பும் ஒண்ணா? மோக்கான்னு சொல்றாங்களே, அது எது?

மங்களூர் கீழக்கரையான்
ஜூன் 24, மதியம் 1:15

வேற வேற ராத்தா. கஹ்வா வெளுப்பா இருக்கிறது கொட்டையை ரொம்ப லேசா வறுக்கிறதால. இங்க வறுக்கிறதுக்கு முன்னாடியே கொட்டை நிறம் மாறியிருக்கு. மோக்காங்கிறது ஏமன்ல ஒரு துறைமுகம். ஒரு காலத்துல உலகத்துக் காபியெல்லாம் அந்த வாசல் வழியாத்தான் போச்சு. 1839ல ஆங்கிலேயர் ஏடனைப் பிடிச்சதும் வியாபாரம் அந்தப் பக்கம் நகர்ந்து மோக்கா படுத்துடுச்சு. ஏமன்ல இருந்து பாபா புடன் ஏழு கொட்டையை மறைச்சு எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில நட்டார்னு சொல்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்த மலைக்கு இன்னைக்கும் அவர் பேர்தான். மங்களூர்ல நாங்க காத்துல போடுற கொட்டையில நிறைய அந்த மலைப்பக்கத்துல இருந்து இறங்குறதுதான்.

மதுரை ஃபில்டர்
ஜூன் 25, காலை 7:45

எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்கு மாற்றுக்கருத்து. நல்ல காபிக்கு உயிரே அந்த மெல்லிய புளிப்புதான். நிழல் மரத்தடியில், ஆரஞ்சும் மிளகும் சுற்றி வளர, மலையில் மெதுவாகப் பழுத்த கொட்டை என்றால் வாயில் வைத்ததும் ஆரஞ்சுத்தோல் மாதிரி ஒரு சுறுசுறுப்பு இருக்கும். சிக்கமகளூர், அரக்கு, நம் கீழ்ப்பழனி மலை மூன்றும் மூன்று விதமாகப் பேசும். மூன்று மாதம் ஈரத்தில் போட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும், எந்த மலைக் கொட்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும். விவசாயி உழைத்து ஏற்றிய குணத்தைக் கொட்டகையில் இறக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மங்களூர் கீழக்கரையான்
ஜூன் 25, இரவு 8:50

உங்க வருத்தம் நியாயம் ஐயா. அதனாலதான் கழுவின முதல்தரக் கொட்டையை நாங்க இதுக்கு எடுக்கிறதில்லை. செர்ரிக்குத் தோலோட காய்ஞ்ச சுவை, முதல்லயே புளிப்பு கம்மி, கனம் அதிகம். அதை இன்னும் அந்தத் திசையிலேயே கொண்டுபோறோம். செர்ரிக்கு இப்படி ஒரு வழி இருக்கிறதால விவசாயிக்கு வேற ஒரு சந்தையும் திறக்குது. வெளியூர்ல எஸ்பிரஸோ கலவையில இதைச் சேர்க்கிறது கெட்டி நுரைக்காகவும், வயித்தைப் பிடிக்காத மென்மைக்காகவும்தான். ரெண்டும் ரெண்டு ருசி. ஒண்ணை வச்சு இன்னொண்ணை அளக்க வேண்டாம்.

தொண்டிக்கரை
ஜூன் 26, காலை 5:20

பேராசைதான், ஆனாலும் கேட்கிறேன். நமக்கும் கடல் இருக்கு, காத்து இருக்கு, வெறுங்குடோன் நிறைய இருக்கு. இதை இங்க செய்ய முடியாதா?

கச்சான்
ஜூன் 26, காலை 11:30

என் பேரே அதுதான், நானே சொல்றேன். மண்டபத்துல வலை இழுக்கிறவன். உங்க மங்களூர்ல மழையைக் கொண்டுவர்ற அதே காத்துதான் இங்க வரும்போது கச்சான். ஆனா மலையைத் தாண்டி, மதுரை, மானாமதுரைப் பொட்டலெல்லாம் கடந்து, ஈரத்தைத் தொலைச்சுட்டு வெந்து வருது. ஆனி, ஆடியில முகத்துல மணலை வாரி அடிக்கும், உதடு வெடிக்கும். கருவாடு ரெண்டு நாள்ல கட்டையா காயும். அந்தக் காத்துல கொட்டையைப் போட்டா ஈரம் ஏறாது, இருக்கிறதும் போயிடும்.

பாம்பன் டீச்சர்
ஜூன் 26, மாலை 6:40

கச்சான் தம்பி சொன்னதற்கு எண்ணிக்கை மட்டும் சேர்க்கிறேன். மங்களூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தே 820 மில்லிமீட்டர் அளவில்தான். அந்த நான்கு மாதத்தில் 150 தாண்டினால் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறோம். இரண்டும் கடற்கரை என்றாலும் நடுவில் மலை நிற்கிறது.

தொண்டிக்கரை
ஜூன் 26, இரவு 9:15

ஐப்பசி, கார்த்திகையில நமக்கும் அடைமழை உண்டே டீச்சர். வாடைக்காத்து வீசும்போது கடையில உப்புச் சாடி கசிஞ்சு நிக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அப்போ போட்டா?

மங்களூர் கீழக்கரையான்
ஜூன் 26, இரவு 10:05

வேணாம் தம்பி. இங்க மூணு மாசம் ஒரே சீரா ஈரம், அதுவும் நிக்காம வீசுற காத்தோட வர்ற ஈரம். அங்க புயல் வந்தா நாலு நாள் கொட்டும், அடுத்த பத்து நாள் சுள்ளுன்னு வெயில். கொட்டை ஈரத்தை வாங்கி, விட்டு, வாங்கி, விட்டு நொந்துபோகும். பூஞ்சைதான் மிஞ்சும். பூஞ்சை பிடிச்ச கொட்டை வறுத்தாலும் உடம்புக்கு ஆகாது.

பரமக்குடி வறுவல்
ஜூலை 9, மாலை 4:30

தொண்டித் தம்பி பஸ்ஸுல அரைக்கிலோ அனுப்பியிருந்தார். முந்தாநாள் வறுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

வழக்கமான சூட்டுல முதல் கைப்பிடியைப் போட்டேன், விளிம்பெல்லாம் தீஞ்சுபோச்சு. கொட்டை பஞ்சு மாதிரி, சூட்டைத் தாங்கல. ரெண்டாவது தடவை உருளையைக் கொஞ்சம் ஆறவிட்டு, தீயைக் குறைச்சு, மெதுவா ஏத்தினேன். நான் எப்பவும் காதை வச்சுத்தான் வறுப்பேன். நல்ல கொட்டை முதல் வெடி வெடிக்கும்போது சோளம் பொரியற சத்தம் கேட்கும். இது சருகு மேல நடந்த மாதிரி சன்னமா வெடிச்சது, காதைக் கிட்ட கொண்டுபோனாத்தான் கேட்குது. நிறமும் ஏமாத்துது. வெளியில இன்னும் வறுக்கணும்னு தோணும், உடைச்சா உள்ள வெந்திருக்கு. மூணாவது தடவைதான் மனசுக்குப் பிடிச்சது. ரெண்டாம் வெடி தொடங்குறதுக்குள்ள இறக்கிட்டேன்.

ரெண்டு நாள் ஆறவச்சு இன்னைக்கு ஃபில்டர்ல போட்டேன், சிக்கரி இல்லாம. டிகாக்‌ஷன் எண்ணெய் மாதிரி கெட்டியா இறங்குச்சு. புளிப்பு பேருக்குக்கூட இல்லை. வறுத்த கடலை, மிளகு, பழைய மரப்பீரோவைத் திறந்தா வர்ற வாசம், அடியில கோகோ மாதிரி ஒரு கசப்பு. பால் ஊத்தினாலும் கரைஞ்சு காணாமப் போகல, நிக்குது. அப்புறம் வழக்கப்படி நூத்துக்கு முப்பது சிக்கரி சேர்த்துப் பார்த்தேன். பாழாப்போச்சு. சிக்கரி கொடுக்கிற கெட்டியை இந்தக் கொட்டையே கொடுக்குது, ரெண்டும் சேர்ந்தா வாயில மண்டிடுது.

கொட்டையைப் பார்க்காம கழிச்சிடுங்கன்னு எழுதினது என் தப்பு. தொண்டித் தம்பி, உங்க மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. மங்களூர்த் தம்பிக்கு நன்றி, முப்பது வருஷத்துல இப்படி ஒரு கொட்டை என் உருளைக்குள்ள போனதில்லை.

மதுரை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பீபெரி ஆறு பங்கு, இது நாலு பங்கு கலந்து பாருங்க. பீபெரியோட சுறுசுறுப்பு மேல நிக்கும், இது கீழ இருந்து தாங்கும்.

மதுரை ஃபில்டர்
ஜூலை 9, இரவு 7:20

நீங்கள் வறுத்ததைக் குடித்துப் பார்த்துத்தான் பேசுவேன். நூறு கிராம் எனக்கும் அனுப்புங்கள்.

தொண்டிக்கரை
ஜூலை 14, காலை 9:50

வறுவல் அண்ணன் அரைச்சு அனுப்பின தூள் வந்தது. முதல் நாள் கடைக் கிணத்துத் தண்ணியில போட்டேன். நீங்க எழுதின எதுவும் நாக்குல தெரியல, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி மொண்ணையா இருந்தது. தூளைக் குறை சொல்ல மனசு வரல. காவிரித் தண்ணி வந்த அன்னைக்கு அதுல போட்டேன், பாதி தேறுச்சு. மூணாவது நாள் எங்க பெரியம்மா கடற்கரை மணல் ஊத்துல சிரட்டையால இறைச்சுக் கொண்டுவந்த தண்ணி ஒரு குடம் கிடைச்சது. அதுல போட்டதுதான் காபி. கடலுக்கு இருபது பாகத்துல, அதாவது இருபது கைவிரிப்புத் தூரத்துல, அவ்வளவு இனிப்பான தண்ணி இருக்குறதை இந்தக் காபிதான் எனக்கு நினைவுபடுத்துச்சு.

மங்களூர் கீழக்கரையான்
ஜூலை 14, மதியம் 12:40

அது தண்ணி செய்யிற வேலைதான். நம்ம கிணத்துல கரைஞ்சிருக்கிற உப்பும் சுண்ணாம்பும் காபியில இருக்கிற புளிப்பை அடக்கிடும். புளிப்பு அதிகமுள்ள கொட்டைக்கு அடங்குறதுக்குக் கொஞ்சம் மீதி இருக்கும். இதுல ஏற்கனவே புளிப்பு இல்லை, அதையும் அடக்கினா ஒண்ணுமே நிக்காது. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதையும் பாதிக்குப் பாதி கலந்து பாருங்க.

தொண்டிக்கரை
ஜூலை 20, காலை 6:30

இன்னொண்ணு செஞ்சேன். பால் இல்லாம, சாயல்குடிக் கருப்பட்டி தட்டிப்போட்ட கடுங்காப்பி. இங்க கடலுக்குப் போறவங்க கேட்கிறது அதுதான். வழக்கமா நான் போடுற தூள்ல கருப்பட்டியும் காபியும் சண்டை போடும், ஒரு புளிப்பும் ஒரு காந்தலும் தனித்தனியா நிக்கும். இதுல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. கருப்பட்டியில இருக்கிற அந்தப் புகைவாசம் எங்க முடியுது, காபி எங்க தொடங்குதுன்னு தெரியல. பால் காபிக்குன்னா கருப்பட்டியை டிகாக்‌ஷன்லயே கரைச்சு வடிகட்டி, பாலைக் கொதிநிலையில இருந்து இறக்கினப்புறம் சேர்க்கணும், இல்லாட்டி திரிஞ்சிடும். நம்ம கரைக்கு இந்தக் கொட்டை பொருந்துற இடம் கருப்பட்டிதான்னு எனக்குப் படுது.

கடையில முதல்ல குடிச்சவர் எங்க தெருப் பெரியவர். எண்பது தாண்டிட்டார், அவரோட பாட்டனார் கோப்பித் தோட்டத்துக்குப் போனவராம். ரெண்டு வாய் குடிச்சார். "கோப்பி மாதிரி இருக்குடா"ன்னார். காபின்னு சொல்லல. டீச்சர் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் டம்ளரைக் கையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

பாம்பன் டீச்சர்
ஜூலை 20, மாலை 5:15

அவர் பாட்டனார் எந்தத் துறையில் தோணி ஏறினார், எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரை நம் ஆட்கள் தமிழில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள், அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள்.

தொண்டிக்கரை
நவம்பர் 30, இரவு 8:45

கீழக்கரைக் காக்கா வேணாம்னு சொல்லியும் கேட்கல. ஐப்பசி பிறந்ததும் வறுவல் அண்ணன்கிட்ட ஒரு கிலோ ரோபஸ்டா செர்ரி வாங்கி, நாலு சின்னச் சாக்குல தளர்வா கட்டி, கடைக்குப் பின்னால் தாழ்வாரத்துல கயித்துல தொங்கவிட்டேன். வாரம் ஒருக்க கொட்டிக் கலந்தேன், ஒருநாள் தவறல. முதல் பத்து நாள் நிறம் மாறுற மாதிரி இருந்தது, சந்தோஷப்பட்டேன். நடுவுல எட்டு நாள் வெயில். அப்புறம் புயல்மழை மூணு நாள். நாலாம் நாள் சாக்கை அவிழ்த்தா பச்சைப் பூஞ்சை, மூக்கைப் பிடிக்கிற நாத்தம். ஆட்டுக்குக்கூடப் போடாம தோண்டிப் புதைச்சுட்டேன். கச்சான் தம்பி வந்து பார்த்துட்டு, "இது கருவாட்டு ஊரு மச்சான், கொட்டை ஊரு இல்லை"ன்னு தோள்ல தட்டிட்டுப் போனார்.

பெரியவர்கிட்ட கேட்டு எழுதி வச்சிருக்கேன் டீச்சர், நாலு பக்கம் வந்திருக்கு. தேவிபட்டினத்துல ஏறியிருக்காங்க. தோட்டத்துப் பேர் அவர் வாயில "ராக்கலை"ன்னு வருது. ஞாயித்துக்கிழமை பாம்பன் வந்து கையிலேயே தர்றேன்.

மங்களூர் கீழக்கரையான்
டிசம்பர் 1, காலை 7:10

ஒருத்தர் கையால தானே செஞ்சு பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா அது நிக்கும் தம்பி, வருத்தப்படாதீங்க. நீங்க ஜூன்ல பரப்புறதைப் பத்திக் கேட்டப்போ தரையில இருந்த கொட்டை இப்போ மூட்டையாகி நிக்குது. இந்த வருஷம் மழை நல்லா நின்னு பெய்ஞ்சது, நிறம் அழகா வந்திருக்கு. மச்சான் ஊருக்கு வரும்போது நாலு கிலோ கொடுத்துவிடுறேன்.

பரமக்குடி வறுவல்
டிசம்பர் 1, காலை 8:30

நாலையும் எனக்கு அனுப்புங்க, உருளை இப்போ பழகிடுச்சு. மதுரை ஐயாவுக்கும் இதுல கால்கிலோ, போன தடவை அனுப்பின நூறு கிராமுக்கு அப்புறம் அவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். மழை விடுற வரைக்கும் சாக்கைத் தரையில வைக்காதீங்க தம்பி, பலகை மேல வச்சு மேல துணி போட்டு மூடுங்க.